மின் கார் எடைக்கு வரும்போது: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருவள்ளூர் ஆலையில் 1998-ல் மிட்சுபிஷி லான்சர் வெளிவரத் தொடங்கியது. அந்த லான்சர்களில் சிலவற்றை நீங்களே பிரித்து விற்றிருப்பீர்கள். அதே ஆலையில்தான் சிட்ரோயன் இ-சி3 மின் காரும் தயாராகிறது. 2023-ல் சந்தைக்கு வந்தது. லான்சரைப் பிரித்த ஆள் அதே ஸ்பானர், அதே கேஸ் கட்டரோடு இ-சி3-க்கு அடியில் படுத்தால் எழுந்து வருவது நிச்சயமில்லை.

செங்குன்றம், கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று ஜி.என்.டி. சாலையை ஒட்டிக் காயலான் கடையோ யார்டோ கட்டிங் ஷெட்டோ வைத்திருக்கிறீர்களா? இது உங்களுக்குத்தான். 'மின் கார் இப்போதுதானே விற்கிறது, எடைக்கு வர இன்னும் பதினைந்து வருஷம் ஆகும்' என்று பலர் சொல்கிறார்கள். வயதாகி வரும் வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. அடிபட்டு வரும் வண்டியும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் வயது பார்த்து வருவதில்லை. காரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேட்டரிக்கே போகிறது. அது நசுங்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' எழுதி ஏலத்தில் விட்டுவிடும். மின் கார்களில் உங்கள் வாசலுக்கு முதலில் வரப்போவது இப்படி மலிவாகக் கிடைக்கும் வண்டிதான். இருப்பதிலேயே ஆபத்தானதும் அதுதான்.

தொழிலே போய்விடும் என்று பதறவும் வேண்டாம். 2024-ல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின் கார். இந்தியாவில் அந்த வருஷம் நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான். பெட்ரோலும் டீசலும் இன்னும் பல வருஷம் உங்களுக்குச் சோறு போடும். ஆனால் ஸ்கிராப் காரில் காசு இருக்கும் இடம் மாறுகிறது. இன்ஜின், கியர் பாக்ஸ், சைலன்சர் இந்த மூன்றில் வந்த லாபம் மின் காரில் கிடையாது. காப்பர், அலுமினியம், மோட்டார் காந்தம், பேட்டரி என்று அது வேறு பக்கம் போய்விட்டது. அதில் பேட்டரியில் கை வைக்கச் சட்டம் உங்களுக்கு உரிமை தரவில்லை. அதனால் கீழே சொல்பவற்றை இன்றே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• வண்டி உள்ளே வரும்போதே நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பச்சை பிளேட் என்றால் மின் வண்டி: வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை வண்டி. அடிபட்ட வண்டியில் பிளேட்டே இல்லாமலும் இருக்கலாம், அப்போது ஆர்.சி.யில் எரிபொருள் என்ன என்று பாருங்கள்.

• வெள்ளை பிளேட் வண்டியிலும் ஆரஞ்சு ஒயரைத் தேடுங்கள். ஹைப்ரிட் கார்களுக்குப் பச்சை பிளேட் கிடையாது. டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் 2013-லேயே இங்கே வந்துவிட்டது. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹைகிராஸ் எல்லாம் பின்னால் வருகின்றன. பானெட்டைத் தூக்கினால் இன்ஜின் இருக்கும், பெட்ரோல் வாசனையும் இருக்கும். அதனால்தான் ஏமாந்துபோவீர்கள். தடித்த ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே கண்ணில் பட்டாலும் கையை எடுத்துவிடுங்கள். அது உயர் மின்னழுத்த லைன்.

• விலை பேசும் முன்பே பேட்டரி யாருக்கு என்று எழுதி வாங்குங்கள். பேட்டரியோடு வருகிறதா, ஏற்கெனவே கழற்றப்பட்டதா, கம்பெனி எடுத்துக்கொள்ளுமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுத்தால், இருநூறு கிலோ ஆபத்தை வீட்டு வாசலில் இறக்கிக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

• பேட்டரி தயாரிப்பாளருக்கோ கார் கம்பெனிக்கோ மெயில் போடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, சந்தைக்குக் கொண்டுவந்தவர்தான் பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. 2026-27 முதல் பேட்டரியின் எடையில் 90 சதவீதப் பொருளை மீட்டாக வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அதாவது உங்கள் கையில் இருக்கும் பேட்டரி அவர்களுக்கும் தேவை. வெட்கப்படாமல் கேளுங்கள்.

• உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கப் பயிற்சி பெற்ற ஆளை வரவழையுங்கள். பெரும்பாலான மின் கார்களில் 300-லிருந்து 400 வோல்ட் டி.சி. ஓடுகிறது. முதலில் 12 வோல்ட் பேட்டரியைக் கழற்ற வேண்டும், பிறகு சர்வீஸ் பிளக்கை இழுக்க வேண்டும். கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் இறங்கக் குறைந்தது பத்து நிமிஷம் காத்திருந்து, அதன்பிறகு மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கையுறை 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையாக இருக்க வேண்டும். நீங்கள் வெல்டிங்குக்குப் போடும் தோல் கையுறை இதற்கு உதவாது. வருகிற ஆளின் கூலி அதிகமாகத் தெரியும், கொடுத்துவிடுங்கள்.

• அடிபட்ட மின் வண்டிக்கு யார்டில் தனி மூலை ஒதுக்குங்கள். சுற்றிலும் 15 மீட்டர் வரை வேறு வண்டி, டயர் குவியல், ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் கூடாது. லித்தியம் பேட்டரி அடிபட்ட அன்றைக்கே பிடிக்க வேண்டும் என்றில்லை; நாள் கழித்தும், சில சமயம் வாரம் கழித்தும் தானாகப் பற்றும். கான்கிரீட் மேடையாக இருந்தால் நல்லது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நிறுத்தாதீர்கள்.

• 'இந்த வண்டி தண்ணீரில் நின்றதா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையைச் சுற்றி எத்தனை கார்கள் மூழ்கின என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த மழையிலும் மூழ்கும். பேட்டரிக்குள் புகுந்த தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி ஷார்ட் ஆக்கும். எண்ணூர், பழவேற்காடு பக்கம் உப்பங்கழித் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள்.

• பேட்டரி வெளியேறிய பிறகு, காப்பரை ஒரு துண்டு விடாமல் உருவி எடுங்கள். இதில் இரட்டை லாபம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உலகச் சராசரிக் கணக்கில் ஒரு பெட்ரோல் காரில் இருபது சொச்சம் கிலோ காப்பர், மின் காரில் எண்பது சொச்சம். நம் ஊர் சின்ன வண்டிகளில் இது குறையும், அதில் ஒரு பங்கு பேட்டரியோடு போயும்விடும். போனாலும் மிச்சம் நல்ல காசு. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஃபர்னஸ்காரருக்கு இதே காப்பர் விஷம். இன்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கும்போது இரும்போடு கலந்த காப்பரைப் பிரிக்க வழியில்லை. அது பில்லட்டில் தங்கி, சூடாக உருட்டும்போது கம்பியின் மேல்தோலில் வெடிப்பு விழவைக்கும். மின் கார் லோடுகள் கூடக் கூட மில்காரர்கள் இதை உன்னிப்பாகப் பார்ப்பார்கள். ஒயரோடு அமுக்கிய பேல் அனுப்பினால் எடைமேடையிலேயே விலை குறையும், அடுத்த லோடுக்கு உங்கள் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள்.

• மோட்டாரை உடைக்காமல் முழுசாக விற்கப் பாருங்கள். பெரும்பாலான மின் கார் மோட்டார்களில் நியோடிமியம் கலந்த காந்தம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கெடுபிடி போட்டதும் இங்கே கார் கம்பெனிகளே திண்டாடின. உங்கள் சுத்தியல் அடியில் அந்தக் காந்தம் தூளானால் காப்பர் விலை மட்டும்தான் மிஞ்சும். வேறு ஒன்று: அந்தக் காந்தம் விரலை நசுக்கும் அளவுக்கு இழுக்கும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவரைக் கிட்டே விடாதீர்கள்.

• 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். மின் காரிலும் சாதாரணக் கார் போலவே சின்ன பேட்டரி ஒன்று உண்டு, பெரும்பாலும் லெட் பேட்டரிதான். லேபிளைப் படித்து உறுதிசெய்த பிறகே லெட் குவியலில் சேருங்கள்.

• ஆர்.சி. ரத்தாகும் வரை கோப்பை மூடாதீர்கள், அதுவரை பின்தொடருங்கள். வண்டி அழிக்கப்பட்டால் 14 நாளுக்குள் உரிமையாளர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. அவர் மறந்துவிடுவார். பாதி விற்பனையாளர்கள் பணம் வாங்கியதோடு போனை எடுப்பதில்லை. பிறகு அந்த நம்பரில் எங்கேயோ ஒரு வழக்கு விழுந்தால் போலீஸ் அவர் வீட்டுக்குப் போய்விட்டு உங்கள் யார்டுக்கு வரும்.

• பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையம் ஒன்றோடு இப்போதே கைகோர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கசக்கும், ஆனாலும் கேளுங்கள். 2021 செப்டம்பரில் ஸ்கிராப்பிங் மைய விதிகள் வந்தன. அவை சொல்கிறபடி, ஆயுள் முடிந்த வண்டியைப் பிரிக்கும் இடம் பதிவு பெற்ற மையம்தான். 2025 ஏப்ரல் 1 முதல் ஆயுள் முடிந்த வாகன விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றின்படி உரிமையாளர் 180 நாளுக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். கார் கம்பெனிகளும் தாங்கள் முன்பு விற்ற வண்டிகளின் இரும்பில் முதல் ஐந்து வருஷத்துக்கு 8 சதவீதம், பிறகு 13, 2035-36 முதல் 18 சதவீதம் என்று மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழ் மையத்தில்தான் பிறக்கும், உங்கள் ஷெட்டில் பிறக்காது. இனிமேல் பெரிய காசு அந்த வழியில்தான் போகும். வண்டி எந்தத் தெருவில், யார் வீட்டில் நிற்கிறது என்று மையத்துக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வண்டி சேகரித்துக் கொடுக்கும் வேலையை எழுத்து ஒப்பந்தமாகப் பேசுங்கள், பார்ட்ஸை உங்களுக்கே திருப்பி விற்கவும் அதில் ஒரு வரி சேருங்கள்.

• ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டரிடம் இந்த வாரமே சரிபாருங்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் உலோக ஸ்கிராப் வாங்கினால் 18 சதவீத வரியை, பதிவு உள்ள நீங்கள்தான் கட்ட வேண்டும். பதிவு உள்ளவருக்குள் நடக்கும் பெரிய பில்லில் 2 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தமும் உண்டு. தெருவில் வாங்கி வரும் சில்லறை வியாபாரியிடம் எடுத்த சரக்கெல்லாம் இதில் மாட்டும்.

• எச்சரிக்கைப் பலகையைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, படமும் போடுங்கள். கட்டர் பிடிப்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருப்பார். 'தொடாதே' என்று தமிழில் எழுதிவைத்து யாருக்கு என்ன பயன்?

• பெட்ரோல் கார் சைலன்சர் வாங்கினால் யாரிடம், என்றைக்கு, எந்த வண்டியிலிருந்து என்று நோட்டில் எழுதுங்கள். கேட்டலிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பது திருடனுக்கும் தெரியும். மாருதி ஈகோ சைலன்சர்கள் ஊர் ஊராகத் திருடு போனது இதனால்தான். மின் காரில் இந்த வரும்படி இல்லை என்பதால் பலர் இப்போதே அவசரப்பட்டு அள்ளுகிறார்கள். நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை

• பேட்டரிப் பெட்டியின் மேல் கேஸ் கட்டரைக் காட்டாதீர்கள். உள்ளே ஒரு செல் சூடானால் பக்கத்து செல்லைச் சூடாக்கும், அது அடுத்ததை. தொடங்கிவிட்டால் நிறுத்த உங்களிடம் எதுவும் இல்லை. கிரைண்டர், கடப்பாரை, பொக்லைன் நகம் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்.

• 'சார்ஜ் இல்லை, செத்த வண்டி' என்ற வார்த்தையை நம்பாதீர்கள். டிஸ்ப்ளேயில் பூஜ்யம் காட்டினாலும் செல்களில் மின்சாரம் மிச்சம் இருக்கும். வண்டி ஓடாது, ஆள் சாவார்.

• ஃபோர்க்லிஃப்ட் முள்ளை வண்டிக்கு நடுவில் விட்டுத் தூக்காதீர்கள். பழைய காரில் அங்கே சைலன்சர் குழாய் இருந்தது; மின் காரில் பேட்டரி இருக்கிறது. ஓரங்களில் ஜாக்கி பாயின்ட் பார்த்துத் தூக்கச் சொல்லுங்கள்.

• பேட்டரியோடு வண்டியைப் பேல் அடிக்காதீர்கள். பிரஸ்ஸிலேயே பிடித்தால் உங்கள் நஷ்டம். லாரியில் பிடித்தால் டிரைவர், ஃபர்னஸ் வாயில் பிடித்தால் அங்கே நிற்கும் பத்துப் பேர். ஸ்கூட்டர் பேட்டரி, லேப்டாப் பேட்டரி குப்பையோடு வந்து சொருகிக்கொள்வதும் இப்படித்தான், அதையும் தேடி எடுங்கள்.

• லெட் பேட்டரி லோடில் லித்தியம் பேட்டரியைக் கலக்காதீர்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் லெட் உருக்கும் யூனிட்டுகளுக்குச் சரக்குப் போடுபவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். மின் ஸ்கூட்டர், மின் ஆட்டோ பேட்டரிகள் சில பார்க்க லெட் பேட்டரி போலவே பெட்டியாக இருக்கும். உடைக்கும் மெஷினிலோ உலையிலோ அது வெடிக்கும். கையில் தூக்கினாலே ஒரு சந்தேகம் வரும்: அளவுக்கு ஏற்ற எடை இல்லாமல் லேசாக இருந்தால் நிறுத்துங்கள், லேபிளைப் பாருங்கள்.

• தீ பிடித்தால் வீரம் காட்டாதீர்கள். சின்ன சிலிண்டரால் அது அணையாது, அணைந்தது போல் இருந்து மறுபடி எழும். ஆட்களைக் காற்று வரும் திசைக்கு நகர்த்திவிட்டு 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். 'மின் கார் பேட்டரி' என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லுங்கள், அவர்களுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு இருக்கும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போகிற பழக்கம் இங்கே செல்லாது.

• லித்தியம் விலை ஏறும் என்று பேட்டரிகளைச் சேர்த்துவைக்காதீர்கள். 2022 கடைசியில் உச்சத்தில் இருந்த விலை அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. கார் பேட்டரி என்றால் எல்லாம் ஒன்றும் அல்ல. என்.எம்.சி. வகையில் நிக்கலும் கோபால்ட்டும் உண்டு. நெக்ஸான், இ-சி3 போன்றவற்றில் இருக்கும் எல்.எஃப்.பி. வகையில் அவை இல்லை, அதனால் மறுசுழற்சிக்காரர் தரும் விலையும் குறைவு. இரண்டுக்கும் ஒரே ரேட் சொல்கிற புரோக்கருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

• செல்களைப் பிரித்து சோலார் இன்வெர்ட்டர் செய்பவருக்கு விற்காதீர்கள். சோதித்த பேட்டரிக்கு இரண்டாம் வாழ்க்கை நிச்சயம் உண்டு. அதைச் சோதிக்கும் கருவியும் பதிவும் உள்ளவர் செய்யட்டும். யாரோ ஒருவர் வீட்டு மாடியில் அது எரிந்தால் பில் தேடி உங்களிடம்தான் வருவார்கள். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரா என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பட்டியலில் பாருங்கள். அவர் விசிட்டிங் கார்டில் பார்க்காதீர்கள்.

• வாரன்டி இருக்கும் பேட்டரியை அவசரமாக ஸ்கிராப் ஆக்காதீர்கள். நெக்ஸான் மின் கார் 2020 ஜனவரியில் வந்தது. 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பேட்டரிக்கு வாரன்டி கொடுத்தார்கள். அப்படியானால் முதல் வண்டிகளுக்கே 2028 வரை கணக்கு இருக்கிறது. 'சர்வீஸ் சென்டரில் கேட்டீர்களா?' என்று உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு வண்டி கைவிட்டுப் போகும், அவர் அடுத்த நாலு பேரை அனுப்புவார்.

• 'பதினைந்து வருஷம் ஆயிடுச்சு, இனி ஓட்ட முடியாது' என்று சொல்லி வண்டியை மடக்காதீர்கள். அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்கு. தமிழ்நாட்டில் தகுதி இருந்தால் சொந்தக் காருக்கு ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். 15 வருஷம் கடந்து 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு ரத்தானவை அரசு வாகனங்கள். இது பொய் என்று யூடியூப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் உங்கள் கடைப் பெயரையும் யூடியூப்பில் போடுவார்.

• கூலன்ட்டைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். பல மின் கார்களிலும் பேட்டரியைக் குளிர்விக்க அது ஓடுகிறது. அதில் கலந்திருக்கும் கிளைகால் என்ற ரசாயனம் இனிப்பாக இருக்கும். மாடும் நாயும் நக்கிச் சாகும். ஆரணியாற்றில் விட்டது பழவேற்காடு ஏரிக்குத்தான் போகும்.

• ஏர்பேக்கை வெடிக்கவைக்காமல் ஸ்டீயரிங்கில் கை வைக்காதீர்கள். இதில் பெட்ரோல் கார், மின் கார் வித்தியாசம் இல்லை.

• கடன் வாங்கி இன்ஜின், கியர் பாக்ஸ் ஸ்டாக்கைப் பெருக்காதீர்கள். கையில் இருக்கும் ஸ்டாக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளவும் வேண்டாம். ரோட்டில் ஓடும் பெட்ரோல் வண்டிகளுக்குப் புதுப்பேட்டையிலும் இங்கேயும் இன்னும் வெகுநாள் ஆள் தேடி வரும். எது சீக்கிரம் ஓடுகிறது என்று பார்த்து அதை மட்டும் வாங்குங்கள். வாடகை கார் கம்பெனிகளும் கால் டாக்சிகளும் வேகமாக மின் வண்டிக்கு மாறுகின்றன; அந்த மாடல்களின் இன்ஜினில் பணத்தை முடக்கினால் சிக்கும்.

• பார்டர் தாண்டி ஆரம்பாக்கம் வழியாக இரவில் வரும் பேப்பர் இல்லாத லோடை இறக்காதீர்கள். பேட்டரி இருந்தால் இன்னும் மோசம்: அடிபட்ட லித்தியம் பேட்டரி அபாயகரமான சரக்கு, வழியில் எந்த அதிகாரி நிறுத்தினாலும் லாரியும் போகும், சரக்கும் போகும். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

• உங்கள் ஜி.எஸ்.டி. நம்பரில் அடுத்தவர் சரக்குக்குப் பில் போட்டுக்கொடுக்காதீர்கள், அவர் சொந்த மச்சானாக இருந்தாலும். அந்த லோடில் என்ன பேட்டரி இருந்தது என்று அதிகாரி உங்களைத்தான் கேட்பார்.